வராத பருவம், முந்திவந்த பருவம்: ஒரே மரபணுவில் இரண்டு நோயாளிகள்

சவூதி அரேபியாவில் ஒரு பெரிய குடும்பம். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். அதில் சிலருக்குப் பருவம் வரவில்லை. கொஞ்சம் தாமதமாக வந்தது என்பதல்ல, வரவே இல்லை. அதே வீட்டில் அதே சோறு தின்று வளர்ந்த மற்றவர்கள் உரிய வயதில் ஆளானார்கள். இவர்கள் மட்டும் சிறுவர் உடம்போடு பெரியவர்களானார்கள். ரத்தத்தில் பாலின ஹார்மோன்கள் மிகக் குறைவு. அவற்றைத் தூண்டவேண்டிய, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியின் ஹார்மோன்களும் குறைவு. மற்றபடி உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாண்டு தள்ளிப் பிரேசிலில் இதற்கு நேர்மாறான ஒரு குழந்தை மருத்துவர்கள் முன் வந்தது. தத்தெடுத்து வளர்க்கப்பட்ட பெண் குழந்தை. பிறந்ததிலிருந்தே மார்பு மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் வளர்ச்சி வேகமெடுத்தது. எட்டு வயதில் அவளுடைய எலும்பும் உடம்பும் வயதை முந்திவிட்டிருந்தன.

இந்த இரண்டு நோய்க்கும் காரணம் ஒரே மரபணு. பெயர் ஜிபிஆர்54. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் பருவமடைதல் என்னும் ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பது பிடிபடுகிறது. தனித்தனியாகப் படித்தபோது எனக்கு முழுசாகப் புரியவில்லை.

எதைப் பருவம் என்கிறோம்

நம் ஊரில் பெண் வயசுக்கு வந்தாள் என்றால் முதல் மாதவிடாய் வந்துவிட்டது என்று பொருள். சடங்கும் தாய்மாமன் சீரும் அந்த நாளை வைத்துத்தான். மருத்துவக் கணக்கு வேறு. மார்புக் காம்புக்கு அடியில் சின்ன மொட்டுப்போல் தட்டுப்படுவதுதான் தொடக்கம். மாதவிடாய் அதற்குச் சுமார் இரண்டு, இரண்டரை ஆண்டு கழித்து, ஏறக்குறைய கடைசிக் கட்டத்தில் வருகிறது. கிடுகிடுவென்று உயரும் காலமும் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். ஆகவே "இன்னும் வயசுக்கு வரவில்லையே, ஏன் அவசரம்" என்று காத்திருக்கும் வீட்டில், முந்திய பருவத்தைப் பிடிக்கவேண்டிய நேரம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கலாம். இதை அம்மாக்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பையனுக்கும் அப்படித்தான். மீசையும் குரலும் பின்னால் வருபவை. முதலில் பெரிதாவது விரை. 4 மில்லிலிட்டரை எட்டினால் பருவம் தொடங்கிவிட்டது என்பது கணக்கு. சூரிச்சைச் சேர்ந்த ஆந்திரேயா பிராடர் 1966இல் இதை அளக்க ஒரு மணிமாலை செய்தார். 1 முதல் 25 மில்லிலிட்டர் வரை படிப்படியாகப் பெரிதாகும் முட்டை வடிவ மணிகள், நூலில் கோத்தவை. ஒரு கையால் தொட்டுப் பார்த்து, மறு கையில் எந்த மணி ஒத்துப்போகிறது என்று சொல்வார்கள். ஸ்கேன் வந்த பிறகும் அந்த மாலை ஹார்மோன் மருத்துவர்களின் மேசையை விட்டுப் போகவில்லை.

பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பும் ஆணுக்கு 9 வயதுக்கு முன்பும் இந்த முதல் அடையாளம் வந்தால் முந்திய பருவம். பெண்ணுக்கு 13 வயதாகியும், ஆணுக்கு 14 வயதாகியும் தென்படவில்லை என்றால் தாமதம். இந்த எல்லைகள் மனிதர் வரைந்த கோடுகள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எல்லாரும் நோயாளி இல்லை.

மேலிருந்து கீழே

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ். அங்கே ஜிஎன்ஆர்ஹெச் என்ற, பத்தே அமினோ அமிலம் கொண்ட ஒரு சிறு ஹார்மோன் சுரக்கிறது. அது பிட்யூட்டரிக்குப் போய் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை வெளியே வரவைக்கிறது. அவை ரத்தத்தில் இறங்கிச் சூலகத்தையோ விரையையோ தட்டுகின்றன. அங்கிருந்து எஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் வருகின்றன. உடம்பில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எல்லாம் இந்தக் கடைசிப் படியின் வேலை. ஜிஎன்ஆர்ஹெச்சின் அமைப்பைப் பன்றிகளின், செம்மறி ஆடுகளின் ஹைப்போதலாமஸ்களைக் குவியல் குவியலாக அரைத்துப் பிரித்தெடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கியமின் இருவருக்கும் 1977இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இது வரைக்கும் பள்ளிப் பாடம். பாடத்தில் வழக்கமாக விட்டுப்போவது தாளம்.

ஜிஎன்ஆர்ஹெச் குழாயில் தண்ணீர் போல ஒழுகினால் வேலை நடக்காது. ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை துடிப்புத் துடிப்பாக வரவேண்டும். பிட்ஸ்பர்க்கில் எர்னஸ்ட் நோபிலின் குழு இதைக் குரங்குகளில் காட்டியது. ஹைப்போதலாமஸில் சேதப்படுத்தப்பட்ட, எல்ஹெச் சுரக்காத ரீசஸ் குரங்குகளுக்கு மணிக்கு ஒரு தடவை ஜிஎன்ஆர்ஹெச் ஏற்றினார்கள். பிட்யூட்டரி விழித்துக்கொண்டது. அதே மருந்தை இடைவிடாமல் ஏற்றினார்கள். பிட்யூட்டரி அடங்கிப்போனது. இது வெளியானது 1978இல். இரண்டு ஆண்டு கழித்து இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். பருவம் வர நாளிருக்கும் குட்டிப் பெண் குரங்குகளுக்குப் பம்ப் வழியாக மணிக்கொரு துடிப்பு ஜிஎன்ஆர்ஹெச் கொடுத்தார்கள். குட்டிகளுக்கு மாதச் சுழற்சி வந்தது, கருமுட்டை வெளியானது. பம்பை நிறுத்தியதும் அவை பழையபடி குட்டிகளாகிவிட்டன.

அப்படியென்றால் பிட்யூட்டரியும் சூலகமும் முதிரவேண்டும் என்று பருவம் காத்திருக்கவில்லை. கீழே எல்லாம் தயார். மேலிருந்து அழைப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

அழைப்பு அதற்குமுன் வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிறந்த சில மாதங்கள் குழந்தையின் ரத்தத்தில் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் உயர்ந்திருக்கும். ஆண் குழந்தைக்கு டெஸ்டோஸ்டிரோனும் உயரும். மருத்துவர்கள் இதைக் குட்டிப் பருவம் என்கிறார்கள். அப்புறம் எல்லாம் அடங்கி, பத்தாண்டு போல மௌனம். சூலகத்து ஹார்மோன் போய்த் தடுப்பதால்தான் இந்த மௌனமா? அப்படியும் இல்லை. டர்னர் நோய்க்குறி உள்ள சிறுமிகளுக்குச் சூலகம் வேலை செய்வதில்லை. அவர்களுக்கும் எஃப்எஸ்ஹெச் பிறந்த புதிதில் உச்சிக்கு ஏறி, நடுப் பிள்ளைப் பருவத்தில் இறங்கி, பருவ வயதில் மறுபடி ஏறுகிறது. தடுக்க ஆள் இல்லாத வீட்டிலும் நடுவில் அந்த அமைதி இருக்கிறது. ஆக, பிடித்து நிறுத்தும் கை மூளையிலேயே இருக்கிறது. யாருடைய கை என்பதுதான் அன்றைக்கு விடை இல்லாத கேள்வி.

சவூதிக் குடும்பம்: எந்தப் படியில் அடைப்பு

பருவம் வராதவரைப் பார்க்கும் மருத்துவர் முதலில் பார்ப்பது எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் அளவை. அவை உயர்ந்திருந்தால் மேலிருந்து கத்திக் கூப்பிடுகிறார்கள், கீழே பதில் இல்லை. சூலகமோ விரையோ பழுது. அவை குறைந்திருந்தால் மேலேயே சத்தம் இல்லை. இந்தக் குடும்பத்தினருக்கு இரண்டாவது வகை.

அடுத்த கேள்வி மோப்பம். மூக்குக்கும் பருவத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். ஜிஎன்ஆர்ஹெச் சுரக்கும் நரம்பணுக்கள் மூளையில் பிறப்பதில்லை. கருவின் மூக்குப் பகுதியில் தோன்றி, மோப்ப நரம்புகளைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து ஹைப்போதலாமஸுக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தப் பயணம் தடைப்பட்டால் மோப்பமும் இருக்காது, பருவமும் வராது. 1944இல் ஃபிரான்ஸ் கால்மன் விவரித்ததால் அது கால்மன் நோய்க்குறி. 1989இல் அந்த நோய் கொண்ட ஒரு மனிதக் கருவை ஆராய்ந்தபோது ஜிஎன்ஆர்ஹெச் அணுக்கள் மூளைக்குள் நுழையாமல் வழியிலேயே தேங்கி நின்றதை நேரில் பார்த்தார்கள். சவூதிக் குடும்பத்தினருக்கு மோப்பம் சரியாக இருந்தது. அணுக்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிட்யூட்டரியில் ஜிஎன்ஆர்ஹெச்சை வாங்கும் ஏற்பி பழுதா? அந்த மரபணுவைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஜிஎன்ஆர்ஹெச்சை உருவாக்கும் மரபணுவே பழுதா? அதுவும் சரி. தெரிந்த சந்தேகக் கேசுகள் எல்லாம் விடுதலையாகிவிட்டன. நோய் மட்டும் கண்ணெதிரே நிற்கிறது.

இங்கேதான் சொந்தத் திருமணம் உதவிக்கு வந்தது. ஒரு மூதாதையரிடமிருந்த பழுது, இரண்டு கிளை வழியாக இறங்கி, உறவுத் திருமணத்தில் ஒரே பிள்ளையிடம் சேர்கிறது. பெற்றோர் இருவரும் ஒரு பழுதுப் பிரதியோடு நலமாக இருப்பார்கள். நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டும் பழுதாக வந்துவிடும். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டும் வழக்கம் உள்ள நமக்கு இந்தக் கணக்கு அந்நியமில்லை. பாதிக்கப்பட்ட எல்லாரிடமும் இரட்டையாக ஒரே மாதிரி இருக்கும் குரோமோசோம் துண்டு எது என்று தேடினால் பழுது அதற்குள் இருக்கும். தேடினார்கள். 19ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்து நுனியில் ஒரு பகுதி சிக்கியது. அதற்குள் ஏராளமான மரபணுக்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனதில் ஜிபிஆர்54 என்பதில் ஓர் எழுத்துப் பிசகு இருந்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் 148ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் செரின் என்ற அமினோ அமிலம். பாதிக்கப்பட்ட எல்லாரிடமும், இரண்டு பிரதியிலும்.

பாஸ்டனில் ஸ்டெஃபனி செமினாரா, வில்லியம் குரோலி ஆகியோரின் குழு இதை 2003 அக்டோபரில் வெளியிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பே பிரான்ஸில் நிக்கோலா டி ரூ குழு, வேறொரு சொந்தத் திருமணக் குடும்பத்தில் அதே மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருப்பதைக் கண்டு எழுதிவிட்டது. இரண்டு நாடு, இரண்டு குடும்பம், ஒரே மரபணு. இதற்குமேல் தற்செயல் என்று தள்ள முடியாது.

சாக்லேட் ஊரிலிருந்து ஒரு கிளைக்கதை

ஜிபிஆர்54 அதுவரை பருவம் சம்பந்தப்பட்டது என்று யாரும் நினைக்காத ஓர் ஏற்பி. 1999இல் எலியின் மூளையிலிருந்து எடுத்தபோது அதோடு சேரும் ஹார்மோன் எது என்றே தெரியாது. இப்படிப்பட்டவற்றை அநாதை ஏற்பி என்பார்கள். அதன் சொந்தக்காரன் 2001இல் அகப்பட்டான், அதுவும் புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்று ஓர் ஊர். ஹெர்ஷி சாக்லேட்டின் ஊர். அங்கே டேனி வெல்ச் குழு 1996இல், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவாமல் தடுக்கும் மரபணு ஒன்றைக் கண்டு, ஊரின் 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டை நினைத்து கிஸ்1 என்று பெயர் வைத்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத் துண்டுதான் ஜிபிஆர்54இல் போய்ச் சேர்கிறது. இப்போது அதன் பெயர் கிஸ்பெப்டின். பருவத்தின் ஹார்மோனுக்கு முத்தம் என்ற பெயர் அமைந்ததில் யாருடைய ரசனையும் இல்லை. மிட்டாய்க் கம்பெனி செய்த உபயம்.

சரி, மரபணு கிடைத்தது. அது எந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறது? இங்கேதான் இந்த நிகழ்வின் அழகு எனக்குத் தெரிகிறது. பாஸ்டன் குழுவோடு சேர்ந்த இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களிடம் ஜிபிஆர்54 இல்லாத சுண்டெலிகள் இருந்தன. ஆண் எலிக்கு விரை சிறுத்திருந்தது. பெண் எலிக்குச் சூலகத்தில் முட்டை முதிரவில்லை. அப்படியே சவூதிக் குடும்பத்தின் நோய். அந்த எலிகளின் ஹைப்போதலாமஸை எடுத்துப் பார்த்தார்கள். ஜிஎன்ஆர்ஹெச் இருக்காது என்று எதிர்பார்ப்போம் அல்லவா? இருந்தது. சாதாரண எலியில் எவ்வளவோ அவ்வளவு. வெளியிலிருந்து ஜிஎன்ஆர்ஹெச் ஊசி போட்டால் பிட்யூட்டரியும் பதில் சொன்னது.

சரக்கு கிட்டங்கியில் இருக்கிறது. கதவைத் திறக்க ஆள் இல்லை. ஆள் பெயர் கிஸ்பெப்டின். தட்டும் கதவு, ஜிஎன்ஆர்ஹெச் நரம்பணுவின் மேல் இருக்கும் ஜிபிஆர்54. பாடத்தில் மூன்று படி என்று படித்தோமே, அதற்கும் மேலே நாலாவது படி ஒன்று இருந்திருக்கிறது.

அதே கட்டுரையில் இன்னொரு நோயாளியும் உண்டு. அமெரிக்காவில் ஓர் ஆண். சவூதிக் குடும்பத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அவருடைய இரண்டு பிரதிகளிலும் இரண்டு வெவ்வேறு பழுது: ஒன்றில் புரதம் 331ஆம் இடத்தோடு பாதியில் நின்றுவிடுகிறது; இன்னொன்றில் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் நீண்டுபோகிறது. அவருக்குச் சிறு பம்ப் வழியாக ஜிஎன்ஆர்ஹெச்சைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுத்து எல்ஹெச்சை அளந்தார்கள். பருவம் வராத வேறு ஆறு நோயாளிகளைவிடக் குறைந்த மருந்துக்கே அவருடைய பிட்யூட்டரி எழுந்தது. எலி சொன்னதையே மனிதரும் சொன்னார்: பழுது பிட்யூட்டரியில் இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கண்டுபிடிப்புக்கு முன்பே இருந்தது. டெஸ்டோஸ்டிரோனோ எஸ்ட்ரோஜனோ கொடுத்தால் உடம்பு ஆளாகும். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் மீசை தரும், விந்தணு தராது. பிள்ளை வேண்டும் என்றால் ஜிஎன்ஆர்ஹெச் பம்ப், அல்லது எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் வேலையைச் செய்யும் ஊசிகள் வேண்டும். கீழே எல்லாம் தயாராக இருப்பதால் பலருக்கு இது பலிக்கிறது.

சாவோ பாவ்லோவின் குழந்தை

2008இல் சாவோ பாவ்லோவின் அனா கிளாவுதியா லட்ரோனிகோ குழுவினர், முதலில் சொன்ன தத்துக் குழந்தையைப் பற்றி எழுதினார்கள். மூளையில் கட்டி போன்ற காரணம் எதுவும் இல்லாமல், மேலிருந்தே தொடங்கிய முந்திய பருவம். ஜிபிஆர்54 இல்லாமல்போனால் பருவம் வராது என்றால், அது அளவுக்கு மீறி வேலை செய்தால் பருவம் முந்துமா? கேள்வி எளிமையானதுதான். அந்தக் குழந்தையிடம் விடை கிடைத்தது. புரதத்தின் வால்பகுதியில், 386ஆம் இடத்தில், ஆர்ஜினினுக்குப் பதிலாகப் புரோலின். ஒரு பிரதியில் மட்டும். அதுவே போதுமானதாக இருந்தது. பெற்றவர்கள் யார் என்று தெரியாததால் பழுது எங்கிருந்து வந்தது என்று தேட வழியில்லை.

இந்த ஏற்பி எந்நேரமும் தானாகக் கத்திக்கொண்டிருக்கும் வகை இல்லை. கிஸ்பெப்டின் வந்து தட்டினால்தான் பேசும். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த நேரமாகிறது. சாதாரணமாக, வேலை முடிந்த ஏற்பி நரம்பணுவுக்குள் இழுக்கப்பட்டு ஒரு பகுதி அழிக்கப்படும். பழுதான ஏற்பி அழிவிலிருந்து தப்பி மறுபடி நரம்பணுவின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. சிறுபிள்ளையின் மூளையில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கிஸ்பெப்டினே இவளுக்கு நீண்ட அழைப்பாகிவிட்டது.

முந்திய பருவத்தில் பெற்றோர் பார்த்து மகிழ்வதும் பின்னால் வருந்துவதும் உயரத்தைத்தான். வகுப்பிலேயே உயரமான பிள்ளை, பெரியவளானபின் குட்டையாக நின்றுவிடுவாள். காரணம் எஸ்ட்ரோஜன். எலும்பை நீட்டுவதும் அதுதான், நீளும் முனையை மூடிவிடுவதும் அதுதான். ஆணுக்கும் அப்படித்தான், டெஸ்டோஸ்டிரோன் எஸ்ட்ரோஜனாக மாறித்தான் எலும்பை மூடுகிறது. 1994இல் அமெரிக்காவில் எஸ்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாத ஓர் ஆணைப் பற்றி எழுதினார்கள். வயது 28, உயரம் 204 செண்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பின் வயது 15. இதனால்தான் இந்தச் சந்தேகத்தோடு வரும் பிள்ளைக்கு முதலில் இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். பிறந்த தேதி ஒரு வயது சொல்லும், எலும்பு ஒரு வயது சொல்லும்.

முந்திய பருவத்தை நிறுத்தும் மருந்து என்ன தெரியுமா? ஜிஎன்ஆர்ஹெச்சேதான். இன்னும் சரியாகச் சொன்னால், அதைவிட வலுவாக, நீண்ட நேரம் நிற்கும்படி மாற்றி அமைத்த வடிவம்: லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின். மாதம் ஒரு தடவை அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊசி. நோபிலின் குரங்குகளுக்கு இடைவிடாமல் ஏற்றினார்களே, அதே தந்திரம். முதலில் கொஞ்ச நாள் தூண்டும். அப்புறம் ஓயாத சத்தத்தில் பிட்யூட்டரி காதைப் பொத்திக்கொள்ளும். 1981இல் குழந்தைகளின் முந்திய பருவத்துக்கு இதை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் அதே வில்லியம் குரோலி. பருவத்தை நிறுத்தும் மருந்தில் தொடங்கியவர், இருபத்திரண்டு ஆண்டு கழித்துப் பருவத்தைத் திறக்கும் மரபணுவுக்கு வந்து சேர்ந்தார்.

ஊசியை நிறுத்தினால் நின்ற இடத்திலிருந்து பருவம் தொடரும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் பெரும்பாலும் மாதவிடாய் வந்துவிடும். கர்ப்பப்பை கெட்டுப்போகும் என்று ஊசிக்குப் பயப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. உயரத்தில் தெளிவான லாபம் 6 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கு. 6க்கும் 8க்கும் இடையில் தொடங்கிய பெண் குழந்தைகளுக்கு லாபம் ஆளுக்கு ஆள் மாறும். மெதுவாக நகரும் பருவம் என்றால் ஊசியே வேண்டாம் என்று விடுவதும் உண்டு. பையனுக்கு முந்தினால் மட்டும் மருத்துவர் கூடுதல் கவலைப்படுவார், மூளை எம்ஆர்ஐ கட்டாயம் கேட்பார். பெண்ணைவிட ஆணுக்கு மூளையில் ஏதாவது இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த ஊசி வேலை செய்யாத முந்திய பருவமும் உண்டு. சில சிறுவர்களுக்கு விரையில் இருக்கும் எல்ஹெச் ஏற்பியே தானாக விழித்துக்கொள்கிறது. எல்ஹெச் இல்லாமலேயே டெஸ்டோஸ்டிரோன் கொட்டுகிறது. மேலே சத்தமே இல்லாதபோது மேல்படியைப் பூட்டி என்ன பயன்? அந்த ஏற்பியின் பழுது 1993இல் தெரியவந்தது. அவர்களுக்குச் சிகிச்சை வேறு.

தாமதத்தின் பக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 14 வயதில் விரை வளரவில்லை என்று வரும் பையன்களில் பெரும்பாலோருக்கு சவூதிக் குடும்பத்தின் நோய் கிடையாது. வெறும் தாமதம்தான், அப்பாவோ அம்மாவோ அப்படியே இருந்திருப்பார்கள். சில மாதம் குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் பையனின் மனசுக்கு ஆறுதல், அதற்குள் அவனுடைய சொந்தப் பருவமும் கிளம்பிவிடும். கஷ்டம் என்னவென்றால் அந்த வயதில் இரண்டையும் பிரித்தறியும் நம்பகமான ஒற்றைப் பரிசோதனை இல்லை. காலம்தான் பிரித்துக் காட்டும். பருவமே வராது என்று முடிவுகட்டிய நோயிலும் ஆச்சரியம் உண்டு: ஏறத்தாழப் பத்தில் ஓர் ஆணுக்குச் சிகிச்சையை நிறுத்தியபின் தானாகவே ஹார்மோன் தொடர்ந்தது என்று 2007இல் பாஸ்டன் குழுவே எழுதியது.

பிடித்து நிறுத்தும் கை

கதவைத் தட்டும் ஆள் கிடைத்துவிட்டான். பத்தாண்டு அவனைத் தட்டவிடாமல் வைத்திருப்பது யார்? இதன் ஒரு துண்டு 2013இல் கிடைத்தது. பாஸ்டனில் உர்சுலா கைசரும் சாவோ பாவ்லோவின் லட்ரோனிகோவும் சேர்ந்து, முந்திய பருவம் கண்ட 15 குடும்பங்களில் 40 பேரின் மரபணுக்களைப் படித்தார்கள். 5 குடும்பங்களில் எம்கேஆர்என்3 என்ற மரபணு பழுதாக இருந்தது. எலியின் ஹைப்போதலாமஸில் இந்த மரபணு குட்டியாக இருக்கும்போது அதிகம் வேலை செய்து, பருவம் நெருங்க நெருங்கக் குறைகிறது. காவல்காரன் மெல்ல விலகிப்போவதுபோல. காவல் பிறப்பிலேயே பலவீனமாக இருந்தால் பருவம் முந்துகிறது.

இந்த மரபணுவுக்கு ஒரு விசித்திரம். அம்மாவிடமிருந்து வரும் பிரதி எல்லாருக்குமே மூடி முத்திரை வைத்துத்தான் வரும். அப்பாவிடமிருந்து வரும் பிரதி மட்டும் வேலை செய்யும். ஆகவே பழுது அப்பா வழியாக வந்தால்தான் நோய். அந்த 5 குடும்பங்களிலும் அப்படித்தான் இருந்தது. அப்பாவுக்கு அது அவருடைய அம்மாவிடமிருந்து வந்திருந்தால் அவர் உடம்பில் ஒன்றும் தெரியாது. சாதாரணமாகத்தான் வயசுக்கு வந்திருப்பார்.

முந்திய பருவத்தோடு பிள்ளையைக் கூட்டிவந்தால் வழக்கமாக அம்மாவைப் பார்த்துத்தான் கேட்கிறோம்: "உங்களுக்கு எத்தனை வயசுல?" இந்த மரபணுவைப் பொறுத்தவரை அவர் பதிலில் ஒன்றுமில்லை. அப்பாவைக் கேட்டாலும் தெரியாது. தனக்கு எந்த வயதில் குரல் உடைந்தது என்று எந்த ஆணும் நினைவில் வைத்திருப்பதில்லை. கேட்கவேண்டிய ஆள் பல சமயம் ஊரில் இருக்கும் அப்பத்தா.